வெள்ளக்கல்பாளையத்தில் அவித்த முட்டை பச்சையான காலம்

நாமக்கல்லைச் சுற்றி எத்தனையோ ஊர் இருக்க, அத்தனை ஊரிலும் கோழிப்பண்ணை இருக்க, வெள்ளக்கல்பாளையத்தில் மட்டும் அது ஏன் நடந்தது என்று கேட்டால் இன்றைக்கு வரைக்கும் யாரிடமும் பதில் கிடையாது, கேட்டவர்களும் கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார்கள், அவரவருக்கு அவரவர் பாடு. நடந்தது இவ்வளவுதான்: அந்த ஊர் எல்லைக்குள் அவித்த முட்டை, ஆறினால் பச்சை முட்டையாகிவிடும். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கும் சரசக்கா முதல் நாள் மிஞ்சிய முட்டையை மறுநாள் காலையில் தட்டி உரித்தாள், அது முழங்கை வழியாக வழிந்து சேலையெல்லாம் ஆகிவிட்டது. "அவிக்காமயே அவிச்சதா நெனச்சுட்டனாட்ட இருக்குது, பாழாப்போன புத்தி" என்று தன்னையே திட்டிக்கொண்டவள், அன்றைக்குக் கண்ணைக் கொட்டாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து அவித்து, பக்கத்திலேயே உட்கார்ந்து ஆறவிட்டு, ஒன்றை உடைத்துப் பார்த்தாள். அதுவும் வழிந்தது.

ஊர் என்ன செய்யும்? நாலு நாள் வாயைப் பிளந்தது, அப்புறம் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தது. பஸ் ஸ்டாப் ஆம்லெட் கடை பெரியதம்பி, "முழுங்கிட்டுப் பேசுங்க, பேசிட்டு முழுங்காதீங்க" என்று ஒரு பலகை எழுதி மாட்டினார், ஏனென்றால் அரசியல் பேசிக்கொண்டே சாப்பிடுகிறவர்களின் தட்டில் ஆம்லெட் கொழகொழவென்று மேசையை நோக்கி ஓட, அவர்கள் மறுபடி சுட்டுத் தரச் சொல்லி வம்புக்கு நின்றார்கள். பிள்ளைகள் சத்துணவு முட்டையை வாய் பொசுங்க விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓடினார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒருத்தன் பவிசாகப் பேசிக்கொண்டே இருந்ததில் பிரியாணிக்குள் இருந்த முட்டை இலை முழுக்கப் பரவி மடியில் சொட்ட, வாயாடிப் பையன் வேண்டாம் என்று பெண் சொல்லிவிட்டது. டிவிக்காரர்கள் வந்தார்கள், மைக்கை நீட்டினார்கள், போனார்கள். எல்லாம் ஒரு மாதத்தில் பழகிப்போய், வெளியூர் விருந்தாளி யாராவது ஆறின முட்டையை உரிக்கப் போனால், "அடடா, அது பச்சையாயிருக்குமுங்க" என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும்படி ஆயிற்று.

ஊரே பழகிவிட்ட ஒன்றுக்குப் பழகாமல் தவித்தவள் திலகமணி ஒருத்திதான். வேடிக்கை என்னவென்றால் ஊரிலேயே முட்டையைப் பற்றி அதிகம் படித்தவளும் அவள்தான்.

மெயின் ரோட்டில் இருக்கிற அறிவியல் கல்லூரியில் அவள் பேராசிரியை. புரதங்கள் எப்படி மடங்குகின்றன என்பது ஆராய்ச்சி. புரதம் என்பது ஒரு நீள மணிச்சரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அதில் தண்ணீர் ஆகாத மணிகள் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், தண்ணீரை விரும்புகிற மணிகள் வெளியே நிற்கும், யாரும் சொல்லித்தராமலே கண்ணிமைக்கிற நேரத்தில் சரம் தனக்கென்று ஒரு வடிவத்தில் மடங்கி உட்கார்ந்துவிடும், அந்த வடிவத்தில் இருந்தால்தான் அது வேலை செய்யும். கோடி கோடி விதமாக மடங்க இடம் இருந்தும் அந்த ஒரே வடிவத்தை அது எப்படித் தேடிப் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. கேள்வியின் ஒரு பாதி திலகமணியிடம் இருந்தது: முட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து, யூரியாக் கரைசலில் போட்டு அவிழவிட்டு, பிறகு கரைசலை நீர்க்கவைத்து, அது திரும்ப மடங்குவதை ஒளி பாய்ச்சிப் பார்ப்பாள். மறு பாதி பக்கத்து அறை இதயத்துல்லாவிடம். அவர் சோதனைக்குழாயையே தொட்டதில்லை, எல்லாம் கம்ப்யூட்டரில்தான். மலையில் பெய்த மழை மேடு பள்ளம் பார்த்து இறங்கிக் கடைசியில் ஏரியில் சேருகிற மாதிரி, சரம் எந்தப் பள்ளத்தை நோக்கி எப்படி இறங்கும் என்று மாதிரி போட்டுக் கணக்குப் பார்ப்பார்.

"உங்க கம்ப்யூட்டர்ல வர்றது என்னோட டியூப்ல வரமாட்டேங்குதே சார்" என்பாள் இவள்.

"டியூப்ப ஒழுங்காக் கழுவுனீங்களா மேடம்?" என்பார் அவர்.

கொதிக்கவைத்த முட்டையைப் பற்றியும் இரண்டு பேருக்கும் ஒரு சண்டை உண்டு. கொதித்தால் சரங்கள் அவிழ்ந்து ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்கின்றன, அதுதான் வெள்ளையாய்க் கெட்டியாகிறது. திரும்பி வர ஒரு வழி இருக்கிறது, ஒத்தையடித் தடம், ஆனால் அதில் நடந்து வர உலகத்தின் வயசு பத்தாது என்பார் இதயத்துல்லா. மருந்து ஊற்றிச் சுழற்றித் துளித்துளியாகத் திருப்பலாம், முழு முட்டையை ஓட்டோடு எவனும் திருப்ப முடியாது என்பாள் திலகமணி. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

அந்தக் காரியத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவளுடைய அப்பா நல்லண்ணன் முட்டை லாரி ஓட்டியவர், வாளையார் தாண்டிக் கேரளம் முழுக்க லோடு இறக்கியவர், பள்ளத்தில் வண்டி இறங்கினால் முட்டைக்கு வலிக்குமே என்று பல்லைக் கடித்துக்கொள்கிற ஆள். வயதான பிறகு மறதி வந்தது. முதலில் ஊர்ப் பெயர்கள் போயின, பிறகு சாப்பிட்டது போயிற்று, பிறகு மகள் போய்விட்டாள். மூளையில் புரதம் தப்பாக மடங்கிக் கட்டி தட்டிவிடுகிற நோய். வாழ்நாளெல்லாம் எதைப் படித்தாளோ அதுவே வீட்டுக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் அவருக்கு மறக்காத ஒரே ஆள் மனைவி பாவாயி. அந்தப் பாவாயி போன தை மாதத்தில் ஒரு விடிகாலை, அடுப்பு பற்றவைக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள்.

வீடு நிறையச் சனம். வாசலில் பந்தல் போட்டு, பாடை கட்டியாயிற்று. வாய்க்கரிசி போடப் பெரியவரைக் கூட்டிவரச் சொன்னார் சித்தப்பா. புருசன் கையால் ஒரு பிடி அரிசி விழுந்தால்தான் அந்தக் கட்டை வேகும் என்று அழுதார். திலகமணிக்குப் பயம். முந்தின வாரம்தான் அப்பா பால்காரனைத் திருடன் என்று அடிக்கப் போயிருந்தார். சடலத்தைப் பார்த்து என்ன செய்வாரோ, பார்த்தாலும் மறுநாள் மறந்துவிட்டு மறுபடி கேட்பாரோ, மறுபடி மறுபடி அழுவாரோ. அவள் சொன்னாள்: "அவருக்குப் புரியாதுங்க சித்தப்பா. அவிச்ச முட்டை பச்சை முட்டை ஆகாது. அவரு பங்கையும் நானே போட்டுடறேன்." சொல்லிவிட்டு இதயத்துல்லாவுக்குக் கண் காட்டினாள். அவர் நல்லண்ணனைக் கொல்லைப்புறமாகக் காரில் ஏற்றி மோகனூர் ஆற்றுப்பக்கம் கூட்டிப்போய், டீ வாங்கிக்கொடுத்து, தண்ணீரை வேடிக்கை பார்க்கவைத்து, எல்லாம் முடிந்து வீடு கழுவிவிட்ட பிறகு திரும்பக் கொண்டுவந்து விட்டார். கிழவருக்கு அன்றைக்கு ஒரே சந்தோசம். ரொம்ப நாள் கழித்து ரோட்டைப் பார்த்தாரல்லவா.

அன்றிலிருந்து தினமும் கேட்பார். "பாவாயி எங்க?"

"ராசிபுரத்துக்குப் போயிருக்காங்கப்பா, மாமன் ஊட்டுக்கு. சாயங்காலம் வந்துருவாங்க."

சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவார். திலகமணிக்கு அந்தப் பொய் ஒரு மருந்து கொடுப்பது மாதிரி ஆகிவிட்டிருந்தது, வேளை தவறாமல் கொடுத்தாள்.

இப்போது முட்டை பச்சையாகத் திரும்புகிறது. முதல் முட்டையை அவள் ஆய்வுக்கூடத்தில் தன் கையாலேயே அவித்து ஆறவிட்டு உடைத்தாள். கண்ணாடிக் கிண்ணத்தில் மஞ்சள்கரு உருண்டையாக, கலங்காமல், தெளிந்த வெள்ளைக்கு நடுவே மிதந்தது. இதயத்துல்லா சின்னப் பையனாட்டம் குதித்தார். "வழி இருக்குதுன்னு சொன்னேனா இல்லையா மேடம்?" திலகமணி சந்தோசப்படவில்லை. கிண்ணத்தை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள், ஏனென்று அப்போது அவளே தன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அவள் சொல்லிக்கொள்ளாததை ஊர் சொல்லிவிட்டது: முட்டை திரும்பினால் மறதி வந்தவர்களும் திரும்புவார்கள். வேட்டைக்காரன் கோயில் தெரு செல்லாத்தா, வருசக்கணக்காகப் பெத்த பிள்ளையையே "நீங்க எந்தூருங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரு குளிர்ந்த காலையில் எழுந்து முகம் கழுவி, "ஏன்டா, என்ற எருமையை எங்கடா காணோம்?" என்றாள். மகன் பதறிப்போனான். எருமையை விற்று வருசமாகியிருந்தது. மேயப் போயிருக்குது, மேயப் போயிருக்குது என்றே சொல்லிச் சமாளித்து வந்தான். அன்றைக்கு அவள் கையில் அகப்பட்ட விறகுக்கட்டையோடு மகனைத் தெருத்தெருவாக விரட்டியதை ஊரே பார்த்து, சிரித்து, சிரித்த வாயோடு அப்படியே அடங்கியது. ஏனென்றால் மறதிக் கிழடு இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு எருமை இருந்தது. ஒரு வீட்டில் கிழவிக்குப் பிடிக்காத மருமகளைக் கொண்டுவந்து வேலைக்காரி என்று சொல்லியிருந்தார்கள், ஒரு வீட்டில் செத்துப்போன மகன் துபாயில் இருந்தான், ஒரு வீட்டில் வெட்டிய தென்னைமரம் இன்னும் கொல்லையில் காய்த்துக்கொண்டிருந்தது. எத்தனை பொய், அடேயப்பா! எல்லாம் நல்லதுக்குச் சொன்னதுதான், பாசத்தில் சொன்னதுதான், ஆனாலும் ஊரே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசிக்கொண்டு திரிந்தது.

இருந்தாலும் எல்லோருக்கும் கிழடுகள் திரும்ப வேண்டும் என்று ஆசை இருந்தது, அதைக் குறை சொல்லக் கூடாது. முட்டை ஆறினால்தானே திரும்புகிறது, அதனால் கிழடுகளையும் ஆறவைத்தார்கள். ஃபேனுக்கு நேரே உட்கார்த்தினார்கள், தலையில் ஈரத்துண்டு போட்டார்கள், வசதி உள்ளவர்கள் கொல்லிமலையில் அறை எடுத்துக் கூட்டிப்போனார்கள், ஐஸ் வண்டிக்காரன் தெருவுக்குள் வந்தால் கிழவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு குச்சி ஐஸ். பாதிப் பேர் சளி பிடித்து இருமினார்கள், சிலர் இருமிக்கொண்டே பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

திலகமணி வீட்டில் மட்டும் நடந்தது வேறு. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில், நல்லண்ணன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு, சன்னல் சாத்திய அறையில் வேர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருந்தார். காலையில் சுடுதண்ணீர்க் குளியல், சாயங்காலம் சுடுதண்ணீர்க் குளியல். அக்கம்பக்கத்தில் கேட்டால் நெஞ்சில் சளி என்றாள். அப்பா திரும்பி வரக் கூடாது என்று ஒரு மகள் நினைப்பாளா? நினைத்தாள். அவர் திரும்பி வந்து, தெளிந்த கண்ணோடு, "உங்கம்மா எங்க?" என்று கேட்டால் அவளுக்கு ராசிபுரம் கிடையாது. அந்த ஒரு நிமிசத்துக்குப் பயந்து பெத்த அப்பனை வேகவைத்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்துப் பட்டம், மேல்நாட்டுப் பத்திரிகையில் கட்டுரை, எல்லாம் இருந்தும் செய்த வேலை இது. அவளுக்கே தன்னைப் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை.

ஒருநாள் இதயத்துல்லா பார்க்க வந்தார். அறைக்குள் நுழைந்தவர் கிழவரைப் பார்த்தார், குல்லாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மாதிரி போட்டுக் கணக்குப் பார்க்கிற மனுசனுக்கு இதைப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

"நானும்தான் காரை ஓட்டிட்டுப் போனேன் மேடம்" என்றார் மெதுவாக. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதுக்காக இப்படிப் பண்ணலாமா?"

"நீங்க போங்க சார்" என்றாள். அவர் போய்விட்டார்.

அவர் போன பிறகு, நல்லண்ணன் குல்லாயின் விளிம்பை விரலால் தூக்கிக்கொண்டு, "புழுக்கமா இருக்குது அம்மிணி" என்றார்.

அம்மிணி. மகளை அவர் கூப்பிடுகிற அந்தச் சொல்லை அந்தக் குரலில் கேட்டு அவளுக்கு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், பிறகு எழுந்து குல்லாயைக் கழற்றினாள், ஸ்வெட்டரைக் கழற்றினாள், சன்னலையெல்லாம் திறந்துவிட்டாள், ஈரத்துண்டால் முதுகைத் துடைத்துவிட்டாள். வருவது வரட்டும் என்றுதான் செய்தாள்.

அவர் வந்தார். அவிழ்ந்த சரம் ஒவ்வொரு மணியாக இடம் பார்த்து உட்காருகிற மாதிரி, முதலில் லாரி நம்பர் வந்தது, பாலக்காட்டு ரோட்டுத் திருப்பங்கள் வந்தன, பால்காரனிடம் மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு வெட்கம் வந்தது. தினமும் கேட்கிற கேள்வியை மட்டும் இரண்டு மூன்று நாளாகக் கேட்கவில்லை. கேட்காதது அவளைக் கேட்டதைவிட அதிகமாக வதைத்தது. அப்புறம் ஒரு காலையில், சோற்றில் தயிரைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"அம்மிணி, ஒருநா உங்க வாத்தியார் என்னைய மோகனூர் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போயி டீ வாங்கிக் குடுத்தாரே. அன்னைக்கு நம்மூட்டுல பந்தல் போட்டிருந்துது. எதுக்குப் பந்தல்?"

அவள் சொல்லிவிட்டாள். அடுப்படியில் சாய்ந்ததிலிருந்து, சித்தப்பா அழுததிலிருந்து, அவிச்ச முட்டை என்று சொன்னது வரைக்கும், ஒன்றையும் விடாமல் சொன்னாள். ஸ்வெட்டரையும் சொன்னாள். நல்லண்ணன் பிசைந்த சோற்றிலேயே கையை வைத்திருந்தார்.

"அவ கெடந்தா. நான் டீ குடிச்சுட்டு இருந்திருக்கறேன்" என்றார். பிறகு, "நானும் செத்துட்டன்னு முடிவு பண்ணிட்டயா நீ?" என்றார். குரல் உயரவேயில்லை. அவர் அடித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்கே அவர் வேட்டி மாற்றிக்கொண்டு, பானையில் கைவிட்டு ஒரு பிடி அரிசி எடுத்துக்கொண்டு, சுடுகாட்டுக்கு நடந்தார். அவள் பின்னாலேயே போனாள். சனம் வாசலில் நின்று பார்த்தது. எரித்த இடத்தில் இப்போது புல் முளைத்து ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அதை விரட்டாமல் பக்கத்தில் குத்தவைத்து, அரிசியை மண்ணில் போட்டு, "பாவாயி, எனக்குத் தெரியாமப் போச்சே, தெரிஞ்சிருந்தா வராம இருப்பனா" என்று சொல்லி, பெரிய மனுசன் என்கிற கூச்சமெல்லாம் விட்டுவிட்டு ஏங்கி ஏங்கி அழுதார். திலகமணி தள்ளியே நின்றாள். கிட்டே போகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் அதிகம் பேசாமல் இருந்தார்கள். அவர் கோபமாக இருக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, முந்தின நாள் அவித்து வைத்த முட்டை ஒன்றை அவள் உடைத்துப் பார்ப்பாள். அது வழிந்தால் நிம்மதி. இப்போது அவளைவிட அந்த அதிசயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஊரில் யாரும் இல்லை. ஆனால் ஆடி பிறந்த சமயம், ஒருநாள் முட்டையின் ஓரத்தில் மெலிசாக ஒரு வெள்ளைப் படலம் திரும்பாமலே நின்றது. அவள் இதயத்துல்லாவுக்குப் போன் போட்டாள். "நாளைக்கும் உடைச்சுப் பாருங்க மேடம்" என்றார் அவர். மறுநாள் படலம் தடித்திருந்தது. அவள் அதை அப்பா பார்க்காமல் குப்பையில் போட்டு மேலே முருங்கைக்கீரைக் காம்பைப் போட்டு மூடினாள்.

"அதை எடு" என்றார் பின்னால் நின்ற நல்லண்ணன்.

எடுத்தாள். அவர் அதைக் கையில் வாங்கி, விரலால் அழுத்திப் பார்த்தார். ஆயுசு முழுக்க முட்டை தொட்ட கை.

"கெட்டியாகுது. அப்ப நானும் மறுபடியும் போயிருவன்" என்றார். "மறைக்கறயே அம்மிணி, இன்னமுமா?"

"பயமா இருக்குதுங்கப்பா."

"எனக்கும்தான்." அவளை உட்காரச் சொல்லித் தானும் உட்கார்ந்தார். "நான் சொல்றதக் கேளு. போனதுக்கப்பறம் நான் கேப்பன். தினமும் கேப்பன். ராசிபுரம்னு சொல்லாத. செத்துட்டான்னு சொல்லு."

"தினமும் அழுவீங்களேப்பா. தினமும் புதுசா அழுவீங்க."

"அழுவறன். என்ற பொண்டாட்டிக்கு நான் அழுவாம எவன் அழுவான்? அதையும் எங்கிட்ட இருந்து புடுங்கிக்காத."

சத்தியம் பண்ணச் சொன்னார். பண்ணினாள். என்னை மன்னிச்சீங்களா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இன்னும் ஒரு வாரமாவது இருக்கும், நல்ல நேரம் பார்த்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். படித்தவளுக்கு எப்போதும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கும் தப்பாகப் போயிற்று.

முட்டை கெட்டியானதை ஊர் சட்டென்று ஏற்றுக்கொண்டது, வந்ததை ஏற்றுக்கொண்ட மாதிரியே. பெரியதம்பி பலகையைக் கழற்றினார், சனம் நிதானமாக அரசியல் பேசிக்கொண்டு ஆறின ஆம்லெட்டைத் தின்றது. செல்லாத்தா மகனைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டாள், அவன் இந்த முறை எருமையை விற்றுவிட்டதாகவே சொன்னான், அவள் எந்த எருமை என்றாள்.

திலகமணி காபி ஆற்றிக்கொண்டு அறைக்குள் வந்தாள். நல்லண்ணன் கட்டிலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவாயி எங்க?" என்றார்.

டம்ளரைக் கீழே வைத்தாள். ராசிபுரம் என்கிற சொல் தானாக வாய்க்குள் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"அம்மா செத்துட்டாங்கப்பா. தை மாசத்துல. உங்களுக்குச் சொல்லாம எடுத்துட்டம். நான்தான் சொல்லவேண்டாம்னேன், உங்களக் கடைசியா ஒரு பிடி அரிசி போடக்கூட விடல. தப்புங்கப்பா. நான் பண்ணுனது பெரிய தப்பு."

அவர் முகம் சுருங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவள் அவர் காலடியில் உட்கார்ந்து, முழங்காலில் தலையை முட்டுக்கொடுத்து, இத்தனை மாதமும் அடக்கியதெல்லாம் சேர்த்து ஓவென்று அழுதாள். தலையில் ஒரு கை விழுந்தது. முட்டையைத் தொடுகிற அதே பதத்தில் அந்தக் கை முடியைத் தடவியது.

"அழுவாத சாமி, அழுவாத" என்றார் நல்லண்ணன். "எம்பொண்டாட்டிக்கு இப்படி அழுவறயே, நீ யாரூட்டுப் புள்ள?"